வரவுசெலவு என்னும் உம்மைத்தொகை



மொழியியல் பயின்ற நாம், வரியைப் பற்றியும் அரசாங்கச் செலவைப் பற்றியும் பேச வந்திருப்பது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். இலக்கியம், இலக்கணம், மொழி கற்பித்தல் ஆகியவற்றை எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாற்றமடைய வேண்டியதில்லை. இன்றும் நாம் சொற்களைப் பற்றியே பேசப்போகிறோம். ஆனால் இவை வீட்டின் மின்கட்டணம் முதல் மருத்துவமனைப் படுக்கை வரை நம் வாழ்வின் பல மூலைகளைத் தொடும் சொற்கள். ஒரு நாட்டின் பொருளியல் வளர்வதற்கும் தேங்குவதற்கும் வரியும் செலவும் எவ்வாறு காரணமாகின்றன என்னும் வினாவைத் தமிழ்ச் சொற்களின் வழியாக அணுகிப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வாசிக்கிறார். ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயர், பழைய பிரெஞ்சு மொழியில் சிறு தோற்பையைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பையைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதே அச்சொல் எழுப்பும் கேள்வி. தமிழில் நாம் அதனை வரவுசெலவுத் திட்டம் என்கிறோம். வரவுசெலவு என்பது வரவும் செலவும் என விரியும் உம்மைத்தொகை. உம்மைத்தொகையில் இரு சொற்களும் சம மதிப்புடையன; ஒன்றை நீக்கினால் மற்றொன்றின் பொருள் குறைப்படும். வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அது வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பாரும், செலவை மட்டும் எடுத்துக்கொண்டு அது வளர்ச்சியைத் தருகிறது என்பாரும் இத்தொகையைப் பிரித்துப் பாதியை மட்டுமே படிக்கிறார்கள். இதுவே நாம் இன்று நிறுவ விரும்பும் கருத்து.

1. வருதல், செல்லுதல், இறுத்தல்

வரவு என்பது 'வா' என்னும் வினையடியாகவும், செலவு என்பது 'செல்' என்னும் வினையடியாகவும் பிறந்தவை. செலவு என்றால் இன்று நமக்குப் பணம் கரைவதே நினைவுக்கு வருகிறது. சங்க அகப்பாடல்களில் அச்சொல் பயணத்தைக் குறிக்கும். தலைவன் பொருள் தேடப் பிரிந்து போவது செலவு; போக எண்ணியவன் தயங்கிப் பயணத்தைத் தள்ளிப்போடுவது செலவழுங்குதல். பொருளை ஈட்டுவதற்காகவே அங்கே செலவு மேற்கொள்ளப்படுகிறது. ஆகவே செலவு என்னும் சொல்லைக் கேட்டவுடன் எவ்வளவு என்று மட்டும் கேளாமல், எங்கே செல்கிறது, எதனோடு திரும்பி வருகிறது என்றும் கேட்பது தமிழின் இயல்புக்கு ஒத்ததே.

வரியைக் குறிக்கும் பழஞ்சொற்களுள் 'இறை' குறிப்பிடத்தக்கது. இறுத்தல் என்றால் செலுத்துதல். கடன் இறுத்தல் என்னும் வழக்கு அவ்வாறு அமைந்தது. அரசனும் இறை எனப்பட்டான், அவனுக்குச் செலுத்தப்படுவதும் இறை எனப்பட்டது. சோழர் கல்வெட்டுகளில் தறியிறை, செக்கிறை, தட்டார்ப்பாட்டம் முதலிய வரிகளைக் காண்கிறோம். நெசவாளியின் தறியும், எண்ணெய் ஆட்டுவோரின் செக்கும், பொற்கொல்லரின் தொழிலும் தனித்தனியே வரிக்கு உட்பட்டன என்பதை இச்சொற்களே காட்டிவிடுகின்றன. வரி எதன்மீது விழுகிறது என்பதை அதன் பெயரே சொல்லிய காலம் அது. வரியின் விளைவை ஆராய விரும்பும் எவரும் கேட்க வேண்டிய முதற்கேள்வியும் அதுவே.

2. மிதிபடும் நெல்

வரி வளர்ச்சியைத் தடுக்கும் விதத்தைப் புறநானூற்றின் 184ஆம் பாடலைவிடத் தெளிவாக விளக்கிய பழம்பாடல் அரிது. பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குக் கூறிய அறிவுரை அது. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானை தானே வயலில் புகுந்தால் நூறு வயலும் போதா, அது உண்பதைவிட அதன் காலில் மிதிபடுவதே மிகுதி என்பது அதன் கருத்து. மேடைகளில் இப்பாடல் பெரும்பாலும் குறைந்த வரிக்கு ஆதரவாக எடுத்தாளப்படுகிறது. பாடலோ யானைக்கு உணவிட வேண்டாம் என்று கூறவில்லை. உண்ணும் நெல்லையும் மிதிபடும் நெல்லையும் வேறுபடுத்திக் காட்டுகிறது.

இன்றைய பொருளியலும் இவ்வேறுபாட்டையே அடிப்படையாகக் கொள்கிறது. 100 வெள்ளி வரியாகச் சென்றால் அந்த 100 வெள்ளி நாட்டைவிட்டு மறைவதில்லை. குடிமகன் கையிலிருந்து அரசின் கைக்கு மாறுகிறது. அது உண்ணப்படும் நெல். வரிக்கு அஞ்சி ஒருவர் தொடங்காமல் விட்ட தொழில், செய்யாமல் விட்ட கூடுதல் வேலை, வாங்காமல் விட்ட எந்திரம் ஆகியவை எவர் கைக்கும் போய்ச் சேர்வதில்லை. அவையே மிதிபடும் நெல். வரிவிகிதம் இருமடங்கானால் இவ்விழப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பது பொருளியலாரின் பொதுக்கணக்கு. ஆதலால் ஒரே பொருளின்மீது பெருவரி விதிப்பதைவிடப் பல பொருள்களின்மீது சிறுவரி விதிப்பதால் சேதம் குறையும் என்பர்.

எல்லா வரியும் நெல்லை மிதிப்பதில்லை. சிங்கப்பூர் 1975இல் நகரின் மையப்பகுதிக்குள் நெரிசல் நேரத்தில் நுழையும் வாகனங்களிடம் கட்டணம் பெறத் தொடங்கியது. 1998இல் அது மின்னியல் சாலைக் கட்டணமாக மாறியது. நெரிசலில் வீணாகும் நேரமும் ஒருவகை இழப்பே. இக்கட்டணம் அதனைக் குறைத்து அரசுக்கு வருவாயும் தந்தது. 2019இல் ஒரு டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கிய கரிம வரி 2024இல் 25 வெள்ளியாக உயர்ந்ததும் இவ்வகையைச் சார்ந்ததே. தீங்கு தரும் செயலின்மீது விழும் வரி, உழைப்பின்மீதும் முதலீட்டின்மீதும் விழும் வரியிலிருந்து வேறானது.

3. சுங்கம் தவிர்த்த துறைமுகம்

முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்னும் சிறப்புப்பெயர் உண்டு. வணிகப் பொருள்களின்மீது வழியில் வாங்கப்படும் வரியை நீக்கியதால் அப்பெயர் பெற்றான். கடல்கடந்த வணிகத்தில் ஈடுபாடு கொண்டிருந்த அவன் ஆட்சியில் 1077இல் சீனத்துக்கு 72 பேர் கொண்ட தூதுக்குழு சென்றதைச் சீனக் குறிப்புகள் கூறுகின்றன. வணிகம் பெருக வேண்டுமானால் அதன் பாதையில் தடை குறைய வேண்டும் என்னும் கொள்கை பழமையானது.

ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுகளுக்குப் பின் அதே கொள்கை நம் தீவில் வேர்கொண்டது. 1819இல் ராஃபிள்ஸ் சிங்கப்பூரைச் சுங்கமில்லாத் துறைமுகமாக அமைத்தார். கப்பல்கள் குவிந்தன, வணிகம் பெருகியது. ஆனால் சுங்கத்தைத் தவிர்த்த அரசுக்கும் காவலர்க்கும் சாலைக்கும் பணம் தேவைப்பட்டது. அப்பணத்தின் பெரும்பகுதி அபின் குத்தகையிலிருந்து வந்தது. அபினைக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. 19ஆம் நூற்றாண்டின் பல ஆண்டுகளில் அரசு வருவாயில் ஏறத்தாழப் பாதி அவ்வழியாகவே கிடைத்தது. 1910இல் அரசே அவ்வணிகத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

அபினைப் பெரிதும் வாங்கியோர் துறைமுகத்தில் மூட்டை சுமந்த, ரிக்‌ஷா இழுத்த ஏழைச் சீனத் தொழிலாளர்கள். வணிகர் செலுத்தாத வரியைக் கூலியாள் தன் உடல்நலத்தோடு சேர்த்துச் செலுத்தினான் என்பது இவ்வரலாற்றின் சுருக்கம். வருமான வரியோ 1948இல்தான் நிலைபெற்றது. ஓரிடத்தில் தவிர்க்கப்பட்ட வரி வேறோரிடத்தில் வேறு பெயரோடு தோன்றும். வரி குறைக்கப்பட்டது என்னும் செய்தியைப் படிக்கும்போது, அந்தச் சுமை யார் தோளுக்கு மாறியது என்று கேட்கும் பழக்கத்தை மாணவர்கள் இவ்வரலாற்றிலிருந்து பெறலாம்.

4. இறையிலியும் ஒரு செலவே

கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் இன்னொரு சொல் இறையிலி. இறை இல்லாதது என்பது அதன் பொருள். கோயிலுக்கோ அறநிலையத்துக்கோ இறையிலியாக நிலம் விடப்படும்போது அரசுக் கருவூலத்திலிருந்து காசு எதுவும் வெளியே போவதில்லை. ஆயினும் வரவேண்டியது வராமற் போவதால் அது கொடையாகவே கருதப்பட்டது, கல்லிலும் பொறிக்கப்பட்டது. அத்தகைய கொடைகளால் என்ன நடந்தது என்பதையும் சில கல்வெட்டுகள் விளக்குகின்றன. வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து நடந்த கல்விக்கூடத்தையும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலை எனப்பட்ட மருத்துவமனையையும் பற்றிக் கூறுகிறது.

வரிவிலக்கும் செலவுதான் என்னும் இத்தெளிவு இன்றும் நமக்குத் தேவை. 1959இல் சிங்கப்பூர், முன்னோடித் தொழில்களுக்கு ஐந்தாண்டுக்கு வருமான வரிவிலக்கு அளிக்கும் சட்டத்தை இயற்றியது. அப்போது நிறுவன வரி 40 விழுக்காடு. 1967இல் இயற்றப்பட்ட பொருளியல் விரிவாக்க ஊக்குவிப்புச் சட்டம், ஏற்றுமதியால் கூடுதலாகக் கிடைத்த இலாபத்தின்மீது 4 விழுக்காடு வரியே போதும் என்றது. இவை இக்காலத்து இறையிலிகள்.

வரிவிலக்கு மட்டுமே தொழிற்சாலைகளைக் கொண்டுவந்ததா? 1961இல் தொடங்கிய பொருளியல் வளர்ச்சிக் கழகத்துக்கு 100 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. ஜூரோங் சதுப்புநிலம் மேடாக்கப்பட்டு, சாலையும் துறைமுகமும் மின்சாரமும் தண்ணீரும் அங்கே சென்றன. தொடக்கத்தில் நிறுவனங்கள் வரத் தயங்கின. வெறிச்சோடிக் கிடந்த அந்நிலத்தை, நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் பெயரை வைத்து 'கோவின் அறியாமை' என்று எள்ளியோர் உண்டு. 1968இன் இறுதிக்குள் அங்கே 150க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் இயங்கின. வரியைக் குறைத்துவிட்டு நிலத்தைச் சதுப்பாகவே விட்டிருந்தால் அவை வந்திருக்குமா என்பது ஐயமே. வரவில் செய்த விட்டுக்கொடுப்பும் செலவில் காட்டிய துணிவும் சேர்ந்தே அவ்வளர்ச்சியைத் தந்தன.

5. செலவு எங்கே செல்கிறது

அரசு செலவழித்தால் மக்கள் கையில் பணம் புரளும், பணம் புரண்டால் வணிகம் பெருகும் என்பது பரவலாக அறியப்பட்ட வாதம். பெருநாடுகளில் அது ஓரளவு பொருந்தும். சிங்கப்பூரின் மொத்த வெளிநாட்டு வணிகம் அதன் உள்நாட்டு உற்பத்தியைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. இங்கே மக்கள் கையில் கொடுக்கப்படும் ஒரு வெள்ளியில் பெரும்பங்கு, அரிசியாகவும் கைப்பேசியாகவும் துணியாகவும் வெளிநாட்டு உற்பத்தியாளரிடம் போய்ச் சேர்கிறது. பழம்பொருளிலும் புதுப்பொருளிலும் அது உண்மையான செலவு: வெள்ளி பயணம் போய்விடுகிறது. ஆகவே சிறிய திறந்த பொருளியலில், வெறுமனே பணத்தைப் புழங்கவிடும் செலவைவிட, உற்பத்தித் திறனைக் கூட்டும் செலவே நிலைத்த வளர்ச்சியைத் தரும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. அங்கே அமைக்கப்பட்ட வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். ஏரியைத் தூர்வாரிக் கரையைக் காத்தால் விளைச்சல் பெருகும். விளைச்சல் பெருகினால் இறையும் குறையாது வரும். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படக்கூடாது என்றும் அக்கல்வெட்டு விதிக்கிறது. செலவு வளர்ச்சியாக மாறுவதற்கு வேண்டிய இரண்டு நிபந்தனைகளையும் அங்கே காண்கிறோம்: செலவு சரியான இடத்துக்குச் செல்ல வேண்டும், சென்ற கணக்கு திரும்பி வர வேண்டும்.

நம் நாட்டில் அதற்கு நிகரான விவாதம் விரைவு ரயிலைப் பற்றி நடந்தது. ஏறத்தாழ 5 பில்லியன் வெள்ளி செலவாகும் அத்திட்டத்துக்கு மாற்றாகப் பேருந்துகளை மட்டுமே கொண்ட போக்குவரத்தை ஹார்வர்ட் பல்கலைக்கழக வல்லுநர் குழு ஒன்று பரிந்துரைத்தது. அரசுக்குள்ளேயே கருத்து பிளவுபட்டது. கோ கெங் சுவீ ஐயம் எழுப்பினார். ஓங் டெங் சியோங் ரயிலுக்காக வாதாடினார். 1982இல் முடிவெடுக்கப்பட்டு 1987 நவம்பரில் முதல் ரயில் ஓடியது. இன்று ரயில் இல்லாத சிங்கப்பூரைக் கற்பனை செய்வதும் கடினம். எனினும் அன்று ஐயம் எழுப்பியவர்கள் நாட்டுக்கு நன்மையே செய்தனர். அவ்வளவு பெருஞ்செலவை வினவாமல் ஏற்கும் நாடு, நாளை பயனற்ற பெருஞ்செலவையும் வினவாமல் ஏற்கும்.

ஸ்வீடன், டென்மார்க் ஆகிய நாடுகளில் உள்நாட்டு உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்கு மேல் வரியாகச் செல்கிறது. சிங்கப்பூரில் அரசுச் செலவே 20 விழுக்காட்டை எட்டாத அளவில் இருந்துவந்துள்ளது. மூன்றும் செழிப்பான நாடுகள். வரியின் அளவு ஒன்றே வளர்ச்சியைத் தீர்மானிப்பதாயின் இது நிகழ்ந்திருக்க இயலாது.

6. சரிவுக் காலங்கள் கற்பித்தவை

1985இல் சிங்கப்பூர்ப் பொருளியல் சுருங்கியது. லீ சியன் லூங் தலைமையிலான பொருளியல் குழு, உற்பத்திச் செலவு மிகுந்ததை முக்கியக் காரணமாகக் கண்டது. 1986இல் மத்திய சேம நிதிக்கு முதலாளிகள் செலுத்திய பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. நிறுவன வரி 40 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாயிற்று. பொருளியல் விரைவில் மீண்டது. குறைந்த அந்த 15 விழுக்காட்டுப் புள்ளிகள் தொழிலாளரின் முதுமைக்கால சேமிப்பில் சேர வேண்டியவை என்பதையும் நாம் மறத்தலாகாது. மீட்சிக்கு விலை உண்டு, அதனைச் செலுத்தியோரும் உண்டு.

2009ஆம் ஆண்டு நெருக்கடியில் அரசு வேறுவழியைக் கைக்கொண்டது. 20.5 பில்லியன் வெள்ளி மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதியாக, ஒவ்வொரு ஊழியரின் மாதச் சம்பளத்தில் முதல் 2,500 வெள்ளியில் 12 விழுக்காட்டை முதலாளிக்கு வழங்கியது. அதற்காகக் கடந்தகால நிதியிருப்பு முதன்முறையாகத் தொடப்பட்டது. 2020இல் கொள்ளைநோய் பரவியபோது முதல் 4,600 வெள்ளிச் சம்பளத்தில் துறைக்கேற்ப 25 முதல் 75 விழுக்காடு வரை அரசு ஏற்றது. வேலையிழந்த ஊழியர் சிதறிப்போனால் நிறுவனம் சேர்த்துவைத்த திறனும் சிதறும். மீண்டும் கூட்டுவதற்கு ஆண்டுகள் ஆகும். சிதறாமல் காத்த செலவு, நோய் தணிந்தபின் பொருளியல் எழுந்து நிற்க உதவியது. முந்தைய தலைமுறையினர் வரவு முழுவதையும் செலவாக்காமல் விட்டதாலேயே இது இயன்றது. அந்த நிதியிருப்பின் முதலீட்டு வருமானத்தில் பாதிவரை ஆண்டுதோறும் செலவிட அரசமைப்புச் சட்டம் இடமளிக்கிறது. நாம் செலுத்தும் வரி குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

7. மூன்றிலிருந்து ஒன்பது வரை

1994 ஏப்ரலில் பொருள், சேவை வரி 3 விழுக்காட்டில் நடப்புக்கு வந்தது. அதனோடு நிறுவன வரியும் தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதமும் குறைக்கப்பட்டன. உழைப்பின்மீதும் முதலீட்டின்மீதும் விழும் வரியைத் தளர்த்தி, நுகர்வின்மீது பரவலான சிறுவரி விதிக்கும் கொள்கை அது. 2003, 2004, 2007ஆம் ஆண்டுகளில் படிப்படியாக 7 விழுக்காடாகி, 2023இல் 8, 2024இல் 9 விழுக்காடாயிற்று. நிறுவன வரி இன்று 17 விழுக்காடு.

வளர்ச்சியின் நோக்கில் இம்மாற்றத்துக்கு நியாயம் உண்டு. நுகர்வு வரி சேமிப்பையும் முதலீட்டையும் குறைவாகவே மிதிக்கிறது. நியாயத்தின் நோக்கில் இடரும் உண்டு. வருமானம் முழுவதையும் அன்றாடத் தேவைக்கே செலவிடும் குடும்பத்துக்கு அதன் வருமானத்தில் பெரும்பங்கின்மீது இவ்வரி விழுகிறது. பாதியைச் சேமிக்கும் குடும்பத்துக்குப் பாதியின்மீதே விழுகிறது. இதனை ஈடுசெய்யவே 2012 முதல் ஜிஎஸ்டி பற்றுச்சீட்டுகள் வழங்கப்படுகின்றன. உணவுப்பொருளுக்கு விலக்களித்தால் விலையுயர்ந்த உணவை வாங்கும் செல்வந்தரும் பயனடைவர், எல்லாரிடமும் பெற்று இல்லாதவர்க்குத் திருப்பித் தருவதே மேல் என்பது அரசின் வாதம். செல்வத்தின்மீது வரி விதிக்கலாம், நிதியிருப்பின் வருமானத்தில் கூடுதல் பங்கைப் பயன்படுத்தலாம் என்னும் மாற்றுக்கருத்துகளும் நாடாளுமன்றத்தில் எழுந்தன. இவ்விரண்டில் ஒன்றை உங்கள்மீது திணிக்க நாம் வரவில்லை. வரவும் செலவும் சேர்ந்தே எடைபோடப்பட வேண்டும் என்பதற்கு இவ்விவாதம் சான்று. பற்றுச்சீட்டை மறந்து வரியை மட்டும் பேசுவதும், வரியை மறந்து பற்றுச்சீட்டை மட்டும் பேசுவதும் அரைகுறையாகும்.

2023, 2024ஆம் ஆண்டு உயர்வுக்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணம், மூப்படையும் மக்கள்தொகையின் மருத்துவச் செலவு. முதியோர்க்கான செலவு வளர்ச்சிக்கு உதவாது என்று எண்ணுவோர் உண்டு. தாயைப் பராமரிக்க ஆளில்லாமல் மகள் வேலையை விட்டு நிற்கும் வீடுகளை நாம் அறிவோம். பகல்நேரப் பராமரிப்பு நிலையம் ஒன்று அம்மகளை வேலையில் நிலைக்கச் செய்யுமானால், அச்செலவு வளர்ச்சிக் கணக்கிலும் இடம்பெறும். அவ்வாறு எதுவும் திரும்பக் கிடைக்காத நோயாளிக்கும் செலவிடுகிறோம். அதற்கு வளர்ச்சியைக் காரணம் காட்டத் தேவையில்லை. வளர்ச்சி எதற்காக என்னும் கேள்விக்கு அதுவே விடை.

8. எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

இறுதியாக, நம் துறைக்கு உரிய ஒன்றைச் சொல்லி நிறைவுசெய்ய விரும்புகிறோம். தமிழில் வளர், உயர், குறை என்பன தன்வினைகள். வளர்த்து, உயர்த்தி, குறைத்து என்னும் எச்சங்களில் காண்பன பிறவினைகள். செய்திகளைக் கூர்ந்து படித்தால் ஒரு பழக்கம் கண்ணில் படும். 'வரி உயர்கிறது' என்று தன்வினையிலோ, 'வரி உயர்த்தப்படும்' என்று செய்தவரைக் கூறாத செயப்பாட்டுவினையிலோ எழுதுகிறோம். அடுத்த பத்தியிலேயே 'அரசாங்கம் உதவி வழங்குகிறது' என்று எழுவாயோடு கூடிய செய்வினை வந்துவிடுகிறது. மழை பெய்வதுபோல் வரி தானே உயர்கிறது. உதவியை மட்டும் ஒருவர் வழங்குகிறார். இவ்வாறு எழுதுவோர்க்கு உள்நோக்கம் இருக்க வேண்டுமென்பதில்லை. ஆனால் நாள்தோறும் இவ்வாறு படிக்கும் மாணவர் மனத்தில், வரி என்பது இயற்கைச் சீற்றம், உதவி என்பது கருணை என்னும் எண்ணம் பதிகிறது. வரியை உயர்த்த முடிவெடுத்தவர் உண்டு, அவரைத் தேர்ந்தெடுத்தவர் உண்டு. உதவிப்பணத்தைச் செலுத்தியவரும் அதே குடிமக்கள்தாம்.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். அடுத்த வரவுசெலவுத் திட்ட அறிக்கை வெளியாகும் வாரத்தில், நாளிதழ்ச் செய்தி ஒன்றை வகுப்புக்குக் கொண்டுசெல்லுங்கள். வரியைப் பற்றிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுவாயோடு மாற்றி எழுதச் செய்யுங்கள். யார் உயர்த்துகிறார், யாரிடமிருந்து பெறுகிறார், எதன்மீது விதிக்கிறார், எதற்காகச் செலவிடுகிறார், யார் கணக்குக் காட்டுவார் என்னும் ஐந்து வினாக்களுக்கும் விடை கிடைக்கும்வரை வாக்கியத்தை நிறைவுபெற்றதாகக் கொள்ள வேண்டாம். தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை, வேற்றுமை உருபுகள் அனைத்தும் அப்பயிற்சியில் தாமே வந்து சேரும்.

இதனால் நமக்கு ஆகப்போவது என்ன என்று மாணவர்கள் கேட்கலாம். தமிழ் இந்நாட்டின் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. பள்ளிகளில் அது பொதுப்பணத்தில் கற்பிக்கப்படுகிறது. நீங்கள் அமர்ந்திருக்கும் தமிழ் வகுப்பும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு செலவே. யாரோ ஒரு டாக்சி ஓட்டுநரும் ஓர் அங்காடிக் கடைக்காரரும் செலுத்திய வரி அதில் கலந்திருக்கிறது. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். பண்டிகை வாழ்த்துக்கும் சமையற்குறிப்புக்கும் மட்டும் தமிழ் போதும், வரி, வேலை, சேமிப்பு, முதுமை ஆகியவற்றைப் பேச வேறுமொழி வேண்டும் என்ற நிலை வந்துவிட்டால், அச்செலவு போன இடத்திலிருந்து திரும்பி வராத செலவாகிவிடும். நாட்டின் பணத்தைப் பற்றித் தெளிவாகவும் நேர்மையாகவும் தமிழில் வினவத் தெரிந்த குடிமக்களாக நீங்கள் வளர்ந்தால், அதுவே அவர்களுக்கு நாம் காட்டும் கணக்கு.